இடைவெளி விட்டால் எழுத்து போய்விடுமா?

கேள்வி: வயது 41, ஆரையம்பதி, ஆசிரியை. இரவில் சிறுகதை எழுதுவேன். வாராவாரம் ஒரு பத்தியும் கொடுக்கிறேன். மூன்று மாதமாக எழுத உட்கார்ந்தால் சொல் வருவதில்லை. பிடரி வலி, கண் எரிவு, நெஞ்சுப் படபடப்பு. இது மறதிநோயின் தொடக்கம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. நித்திரைக்கு இரவில் இரண்டு பிரிட்டோன் போடுகிறேன். பிள்ளைகளோடு கல்லடிக் கடற்கரைக்குப் போவதுகூட இப்போது வேண்டாம் என்றிருக்கிறது. கொஞ்ச நாள் எழுதாமல் இருக்கச் சொல்கிறார்கள். விட்டால் பிறகு வராமலே போய்விடுமோ?

பதில்: எழுத்து எங்கும் போகாது. சுனாமிக்குப் பிறகும், இடப்பெயர்வுகளின்போதும் மாதக்கணக்கில் பேனாவைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எழுத வந்தவர்கள் நம் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மறதிநோய்ப் பயத்தையும் விடுங்கள். அந்த நோயில் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவலைப்பட்டு வருவார்கள். நீங்களோ எப்போதிருந்து, எதில் தடுமாறுகிறீர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் படிப்பித்துவிட்டு நடுச்சாமம் வரை எழுதினால் யாருக்கும் சொல் தட்டும். பிடரி வலியும் கண் எரிவும் குனிந்தபடி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வரலாம். அரை மணிக்கு ஒருதரம் எழும்பி நடந்தால் குறையும்.

எனக்குக் கோபம் அந்தக் குளிசையில்தான். பிரிட்டோன் அலர்ஜிக்குக் கொடுக்கிற மருந்து. நித்திரை வருவது அதன் பக்கவிளைவு. அந்த மந்தம் விடிந்த பிறகும் நிற்கும், கவனத்தையும் ஞாபகத்தையும் மழுக்கும். சொல் வராததில் இதற்கும் பங்கு இருக்கலாம், நீங்களோ இணையத்தில் பெரிய நோயாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்! இன்றிரவே நிறுத்துங்கள். சில இரவுகள் நித்திரை குழம்பும், பரவாயில்லை. அதற்காகப் பார்மசியில் இதைவிடக் கடுமையான ஒன்றைக் கேட்டு வாங்காதீர்கள். எழுதும்போது குடிக்கும் தேத்தண்ணியையும் பின்னேரத்தோடு நிறுத்துங்கள். இரவு எட்டு மணிக்கு உள்ளே போகும் கஃபீனில் ஏறக்குறைய பாதி, ஒரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

எழுதி எழுதி வற்றிப்போவதை பேர்ன்அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையில் ஓயாத அழுத்தத்தால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. அதற்கு ஓய்வுதான் வைத்தியம். பத்திக்கு இரண்டு வாரம் லீவு கேளுங்கள். பேனாவை வைத்துவிட்டுப் போனைத் தூக்கினால் அது ஓய்வாகாது. அப்புறம் கிழமையில் ஒரு நாள் எழுத்துக்கு முழு விடுமுறை. மற்ற நாட்களில் பத்து மணிக்கு நிறுத்துங்கள், அடுத்த வரி மனதில் இருக்கும்போதே. வற்றும்வரை இருந்து எழுதுவதால்தான் மறுநாள் மேசைக்குப் போகவே பயமாக இருக்கிறது.

என்னை உறுத்துவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடற்கரை விஷயம். எழுத்துக் களைப்பு என்றால் எழுத்து மட்டும் கசக்கும். பிள்ளைகளோடு மணலில் இருப்பது இனிக்கும், சோறு ருசிக்கும், இரண்டு வாரம் ஓய்ந்தால் ஆள் தெளியும். பிடித்தது எல்லாமே வெறுத்து, அநேகமாக எல்லா நாளும் அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். விடியற்சாமம் மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து மறுபடி கண் மூட முடியவில்லையா, பசி குறைந்துவிட்டதா, தான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறதா? கவனியுங்கள். இது சோம்பலும் இல்லை, திறமை தீர்ந்துபோனதும் இல்லை. குணமாக்கக் கூடிய நோய், ஆனால் ஓய்வு மட்டும் போதாது. அதனால் லீவு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருதரம் வந்தாலும் அன்றே போங்கள், அல்லது 1926 க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

படபடப்பும் களைப்பும் சேர்ந்திருப்பதால் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்தக் குளிசை மட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.