இரண்டு நாள் திருச்சி, கூடவே மகள்

கேள்வி: எங்கள் மூத்த மகள் திருச்சி துவாக்குடியில் பொறியியல் முதலாண்டு சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வருகிற சனி, ஞாயிறு அவளைப் பார்க்கப் போகிறோம். நான், என் கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன், முழங்கால் வலியுள்ள மாமியார். சனி காலை இறங்கி ஞாயிறு இரவு ரயில். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், வயலூர், முக்கொம்பு, கல்லணை என்று என் கணவர் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் பார்த்துவிட முடியுமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கார் வைத்து ஓடினால் முடியும், ஆனால் வேண்டாம். என் மகன் அதே தஞ்சாவூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் படித்தபோது முதல் தடவை நாங்களும் இப்படித்தான் ஒரே நாளில் ஆறு இடம் போனோம். சாயங்காலம் சமயபுரத்தில் செருப்பு விட்ட இடத்திலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டான். எழுப்பினால், "அம்மா, ரூமுக்குப் போய்த் தயிர் சாதம் சாப்பிட்டுட்டுப் படுக்கட்டுமா?" என்றான். அவ்வளவு தூரம் போயும் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவில்லையே என்று ஊர் திரும்பியும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் முதலில் மகளுக்கு போன் போட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். விடுதியில் வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதை வியாழக்கிழமைக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். அறையை ஜங்ஷன் பக்கம், மத்திய பேருந்து நிலையத்தை ஒட்டி எடுங்கள். துவாக்குடி அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ., டவுன் பஸ் நிறைய இருக்கிறது. அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள், வரட்டும். வெந்நீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நீங்கள் கட்டிக் கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கட்டும். அந்த நேரத்தில் அப்பாவும் பையனும் வேண்டுமானால் எங்காவது சுற்றிவிட்டு வரலாம்.

சனி மாலை நாலரைக்கு மேல் மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையாருக்கு 417 படி, மாமியாரால் ஆகாது, அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னதியில் நீங்கள் இருவரும் உட்கார்ந்துகொள்ளுங்கள். பாறையைக் குடைந்த படிகளில் ஏறும்போது குளுகுளுவென்று இருக்கும். மேலே போனால் காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஓட, நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பது தெரியும். பையன் பாடப் புத்தகத்தில் தீவு என்று படித்ததை அங்கே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மழை பெய்திருந்தால் வெளிப்பாறைப் படிகள் வழுக்கும், தாயுமானவர் சன்னதியோடு திரும்பிவிடச் சொல்லுங்கள். இறங்கினால் என்.எஸ்.பி. ரோடு. வாளி, கொடிக்கயிறு, தலையணை உறை, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்போதும் தேவைப்படும். அம்மாவும் பெண்ணும் கடை கடையாக ஏறி இறங்குகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ரூம்மேட் யார், எந்தப் பாடம் புரியவில்லை, மெஸ்ஸில் எதைத் தொடுவதே இல்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். என் மகன் முதல் செமஸ்டர் கணக்கில் தடுமாறியதை அடுத்த தடவை போனபோது ஒரு பாத்திரக் கடை வாசலில்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரைப் பேசி, அறையைக் காலி செய்துவிட்டே கிளம்புங்கள். பதினொன்றேகாலுக்குத் திருவானைக்காவலில் இருக்க வேண்டும். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, மேளத்தோடு அம்பாள் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்கு வருவார். அகிலாண்டேஸ்வரியே வந்து சிவனைப் பூஜிப்பதாக ஐதீகம். கருவறைக்கு எதிரே ஒன்பது துளையுள்ள கல் ஜன்னல் இருக்கிறது, பையனை அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் ரங்கநாதரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் இதற்குப் பதில் ஸ்ரீரங்கம் போங்கள், இரண்டும் ஒரே காலையில் வேண்டாம். அது 156 ஏக்கர், ஏழு பிராகாரம், ஞாயிற்றுக்கிழமை வரிசை வேறு. சமயபுரம், வயலூர் அடுத்த தடவைக்கு இருக்கட்டும். முக்கொம்பு நல்ல இடம்தான், ஆனால் கல்லூரிக்கு நேர் எதிர்த்திசை.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போங்கள். வழி முழுக்க வாழையும் வயலுமாக இருக்கும். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அணை, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிற இடம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும் என்பதால் இப்போது தண்ணீர் இருக்க வேண்டும். ஆனால் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது, பையன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. சுழல் மேலே தெரியாது. பாட்டி காரை விட்டு அதிகம் நடக்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து வேங்கூர் வழியாகத் திருவெறும்பூர் வந்து தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்தால் துவாக்குடி பக்கம்தான். ஐந்தரைக்கெல்லாம் விடுதி வாசலில் இருக்கலாம். உள்ளே அனுமதித்தால் நீங்கள் மட்டும் போய்க் கட்டிலையும் அலமாரியையும் பார்த்துவிட்டு வாருங்கள். முறுக்கும் அதிரசமும் ரூம்மேட்டுகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். துவைத்த துணி ஈரமாக இருந்தால் தனிப் பையில் போடுங்கள்.