ஒப்பந்தங்களும் ஒரு கார்மெண்ட் வேலையும்

அன்புள்ள அக்கா,

நான் புறக்கோட்டை பிரதான வீதியில் ஒரு துணி மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். வீடு மட்டக்குளி. அம்மா 2003இலிருந்து கட்டுநாயக்க சோனில், அதாவது சுதந்திர வர்த்தக வலயத்தில், ஒரே கார்மெண்டில் மெஷின் ஒபரேட்டராக இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அந்த பெக்டரியை மூடிவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகவில்லையாம். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு வருடச் சம்பளத்துக்கும் குறைவான காசைக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவுக்கு இப்போது 46 வயது. எங்கே போய்க் கேட்டாலும் வயது கூடிவிட்டது என்கிறார்கள்.

இந்தியாவோடு ஒப்பந்தம், பாகிஸ்தானோடு ஒப்பந்தம், சிங்கப்பூர், தாய்லாந்து. இப்போது இந்தியாவோடு பேசுகிற எட்கா ஒப்பந்தம். ஒவ்வொன்றும் எங்கள் ஆட்களின் வேலையைத்தானே கொண்டுபோகிறது? சிறிமா காலத்தில் வெளிச்சாமானை நிறுத்தியபோது யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டே கல்வீடு கட்டினார்கள் என்று பெரியப்பா சொல்வார். திரும்பவும் கதவைச் சாத்தினால் என்ன? தாய்லாந்து ஒப்பந்தம் பற்றி எழுதியபோது நீங்கள் அதை எதிர்க்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாசகர், மட்டக்குளி

*

அன்புள்ள தம்பி,

அம்மாவின் விஷயத்தில் உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதன் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன். மற்றதை ஆறுதலாக வாசிக்கலாம், அதை மட்டும் இன்றைக்கே அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. 22 வருடம் டார்கெட்டுக்கு ஓடிய ஒரு பெண்ணை ஒரு தாளோடு அனுப்பிவிடுவது அநியாயம். ஆனால் கோபத்தை ஒப்பந்தங்களின் மேல் மட்டும் இறக்கிவைத்தால், அதற்குப் பொறுப்பான ஆட்கள் தப்பிவிடுவார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவின் வேலை எப்படி வந்தது என்று பாருங்கள். சோனில் பழைய ஆட்களிடம் கேட்டால் ‘கோட்டா காலம்’ என்று சொல்வார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் நாட்டு நெசவு, தையல் வேலைகளைக் காப்பாற்ற 1974இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. மல்டி ஃபைபர் ஒப்பந்தம் என்று பெயர். எந்த நாட்டிலிருந்து எத்தனை உருப்படி உள்ளே வரலாம் என்று அதில் எல்லை போட்டார்கள். ஹொங்கொங், கொரிய முதலாளிகளுக்கு அந்த எல்லை சீக்கிரமே நிரம்பிவிட்டது. கோட்டா மிச்சம் இருக்கும் நாட்டைத் தேடினார்கள். இங்கே 1977இல் ஜே.ஆர். பொருளாதாரத்தைத் திறந்தார், 1978இல் கட்டுநாயக்க வலயம் வந்தது, அவர்களும் வந்து இறங்கினார்கள். 1992இல் பிரேமதாச 200 கார்மெண்ட் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர்ப்புறங்களுக்குப் போகச் சம்மதித்த முதலாளிகளுக்குக் காட்டிய ஆசையும் கோட்டாதான். அமெரிக்கத் தொழிலாளியின் வேலையைக் காக்கப் போட்ட சட்டம், ஹட்டனிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் போன பிள்ளைகளுக்குத் தையல் வேலையாக வந்து சேர்ந்தது. உங்கள் அம்மா சேர்ந்த 2003இலும் அது நடைமுறையில்தான் இருந்தது.

2005 ஜனவரி 1ஆம் திகதி கோட்டா முடிந்தது. பெரிய கொம்பனிகள் தாக்குப்பிடித்தன. கோட்டாவை நம்பியே ஓடிய சிறிய பெக்டரிகள் பல மூடப்பட்டன. அதே 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைத் தந்தது. தீர்வை இல்லாமல் நம் உடுப்பு அங்கே போகலாம் என்றானது. 2010 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். சிவில் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்று சர்வதேச உடன்படிக்கைகளை இலங்கை சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்பது காரணம். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் குற்றச்சாட்டின் மையத்தில் இருந்தது நம் ஆட்களுக்கு நடந்தது. சலுகை போனதன் சுமை விழுந்தது மெஷினுக்கு முன்னால் இருந்த பெண்கள் மேல், போர் முடிந்தபின் வேலை தேடிப் போன வன்னிப் பிள்ளைகளும் அதில் அடக்கம். முடிவெடுத்த எந்த அமைச்சருக்கும் சம்பளம் குறையவில்லை. 2017 மே மாதம்தான் சலுகை திரும்பி வந்தது.

ஒப்பந்தமே இல்லாவிட்டால் வேலை தப்பும் என்கிறீர்களா? அமெரிக்காவோடு நமக்குச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கிடையாது. நம் உடுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது அங்கேதான் போகிறது. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி ட்ரம்ப் ஒரு அட்டவணையைத் தூக்கிக் காட்டினார், அதில் இலங்கைக்கு 44 வீதம். ஜூலையில் 30 என்றார்கள், ஆகஸ்டில் 20 என்றார்கள். கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் போர்டிங் அறைகளில் இருந்த பெண்கள் அந்த நான்கு மாதமும் என்ன பாடுபட்டிருப்பார்கள்! எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது அங்கிருந்து வருகிற அறிவிப்பே சட்டம். தாய்லாந்து ஒப்பந்தத்தை நான் எதிர்க்காததற்குக் காரணம் இதுதான். எழுதிக் கையெழுத்திட்ட ஒன்றை வைத்து வாதாடலாம், மாற்றக் கேட்கலாம்.

ஆனால் எழுதப்பட்டது எல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தத்தையே எடுங்கள். வருடத்துக்கு 80 இலட்சம் உருப்படி ஆடை சலுகையோடு இந்தியாவுக்குப் போகலாம் என்று அதில் இருந்தது. கேட்க நல்லாயிருக்கும். அதில் 60 இலட்சம் உருப்படிக்கு இந்தியத் துணியைத்தான் பாவிக்க வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்களால்தான் போக வேண்டும் என்று கூடவே நிபந்தனை. பிறகு பேசிப் பேசித்தான் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்னொரு பக்கம், பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை கூட, இங்கே குறைவு என்ற ஒரே காரணத்துக்காக பாமாயிலில் செய்த வனஸ்பதியை ஒப்பந்தச் சலுகையோடு இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் இங்கே முளைத்தன. செம்பும் அப்படியே. சில வருடம் இந்தியாவுக்கான நம் ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். இந்தியா கட்டுப்பாடு போட்டதும், தீர்வை வித்தியாசம் சுருங்கியதும் அந்த ஆலைகள் படுத்துவிட்டன. அங்கே வேலை செய்தவர்களைப் பற்றிப் பிறகு யாராவது எழுதி நீங்கள் வாசித்திருக்கிறீர்களா?

அதேநேரம், இந்தியச் சாமான் வந்து குவிந்ததற்கு அந்த ஒப்பந்தமே காரணம் என்ற பேச்சும் சரியில்லை. நம் பக்கத்தில் 1,180 வகைப் பொருட்களைச் சலுகை கொடுக்காத பட்டியலில் வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வருவதில் பெரும்பகுதி வழமையான தீர்வையைக் கட்டியே வருகிறது.

இனிப் பெரியப்பா சொன்னது. அது உண்மை. 1970க்கும் 77க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை நிறுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நன்றாக வந்தார்கள். ஆனால் அதே காலத்தில் மலையகத்தில் என்ன நடந்தது என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். அரிசியும் மாவும் குறைந்தன, பங்கீட்டை வெட்டினார்கள், ஒரு மாவட்டத்து நெல்லை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகத் தடை. தோட்டத்துச் சனத்துக்குச் சொந்த வயல் இல்லை. 1974இல் அங்கே இறப்பு வீதம் கிடுகிடுவென்று ஏறியது, பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். பிச்சை எடுக்க நகரங்களுக்கு இறங்கி வந்த குடும்பங்களைக் கண்ட கொழும்பு ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கதவு ஒன்றுதான், அதைச் சாத்தியபோது உள்ளே இருந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. வேலையும் பெருகவில்லை. 1973இல் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. துணி கூப்பனுக்குக் கிடைத்தது. நீங்கள் நிற்கும் கடையில் இருக்கும் துணியில் எவ்வளவு கப்பலில் வந்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் சம்பளம் அதிலிருந்து வருகிறது. கார்மெண்டுக்குத் துணியும் அப்படித்தான் வருகிறது. கதவைச் சாத்தினால் இரண்டு வேலையும் சேர்ந்தே போகும்.

ஆனால் 1977இல் கதவைத் திறந்த விதத்தை நான் மன்னிக்கத் தயாரில்லை. உள்நாட்டு நூலையும் சந்தையையும் நம்பியிருந்த கைத்தறிக்காரர், சிறிய பவர்லூம் வைத்திருந்தவர்கள், யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டக்காரர் எல்லாரும் கொஞ்ச காலத்திலேயே இறக்குமதிச் சாமானோடு மோத வேண்டி வந்தது. இத்தனை வருடத்தில் படிப்படியாகத் திறப்போம், அதற்குள் மாறிக்கொள்ள இந்த உதவி தருவோம் என்று சொல்ல ஆளில்லை. சாத்தியபோதும் கேட்கவில்லை, திறந்தபோதும் கேட்கவில்லை. இந்த நாட்டில் மாறாமல் இருப்பது அதுதான்.

சிங்கப்பூர் ஒப்பந்தம் 2018 ஜனவரியில் கையெழுத்தானது, மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் நன்மை தீமையை ஆராயப் பேராசிரியர் டபிள்யூ.டி. லக்ஷ்மன் தலைமையில் குழு போட்டது அதற்குப் பிறகு. நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தைப் பிறகு ஆராய்வது என்ன முறை? எந்தத் தொழிலுக்கு அடி விழும், எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வழி என்று மும்மொழியிலும் எழுதி வெளியிட்டபின்தான் பேனாவை எடுக்க வேண்டும். எட்காவுக்கும் நான் கேட்பது இதைத்தான்.

எட்கா பேச்சில் இன்னொன்று கலந்து வருவதைக் கவனியுங்கள். ‘இந்தியன் வந்து வேலையைப் பிடுங்குவான்’ என்கிற பேச்சு. கொழும்புக்கு இது புதிதில்லை. இப்போது ஹெவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கும் காணியில் முன்பு வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. 1933இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. மலையாளிகளும் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வேலை செய்த ஆலை. இடதுசாரியான கொல்வின் ஆர். டி சில்வாவும் இளைஞர் சங்கத்தவரும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். கொழும்புத் தொழிலாளரின் தலைவர் என்று அதுவரை கொண்டாடப்பட்ட ஏ.ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தார், அந்த வருடங்களில் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தையும் நடத்தினார். உலகப் பொருளாதார மந்தத்தில் வேலை சுருங்கிய நேரம், கோபத்தைப் பக்கத்து மெஷின்காரன் மேல் திருப்புவது சுலபமாக இருந்தது. அப்படித் திருப்பியதால் யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நாளைக்கு அதே பேச்சு மட்டக்குளித் தமிழன் மேல் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?

இந்த நாட்டில் வேலையிழந்தவருக்கு வேலையில்லாக் காப்புறுதி கிடையாது. ஏற்றுமதி வருமானத்தில் நாற்பது வீதம் அளவுக்கு உடுப்புத் தைத்து உழைத்துத் தருகிறவர்களுக்கு, ஓர்டர் நின்றால் அடுத்த மாதம் சாப்பிட ஒரு ஏற்பாடு இல்லை. மேன்பவர் ஏஜென்சிகள் மூலம் போகிற பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம், இழப்பீடு என்று வரும்போது முதலாளி யார் என்றே தேட வேண்டியிருக்கும். ஒப்பந்தத்துக்கு எதிராகக் கொடி பிடிக்கிறவர்களும் ஆதரித்து எழுதுகிறவர்களும் இந்தக் காப்புறுதியைக் கேட்பதில்லை. தொழிற்சங்கங்கள் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கை இது என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தால் இலாபம் காண்கிறவர்களிடம் இருந்தே அதற்கு ஒரு பங்கு அறவிடலாம்.

சரி, இப்போது அம்மாவின் விஷயம்.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. அனுமதியோடு நிறுத்தினால் இழப்பீட்டைச் சேவைக்காலத்துக்கு ஏற்பக் கணக்கிட ஒரு சூத்திரம் வர்த்தமானியில் இருக்கிறது. 22 வருடச் சேவைக்கு அது மூன்று வருடச் சம்பளத்தையும் தாண்டும். 2021இலிருந்து உச்சம் 25 இலட்சம். அம்மாவுக்குக் கிடைத்ததாக நீங்கள் எழுதிய தொகைக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அதனால் அம்மா கையெழுத்திட்ட தாள் என்ன என்பதுதான் முக்கியம். தானாக விலகுவதாக எழுதியிருந்ததா, இழப்பீட்டை ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்ததா, எந்த மொழியில் இருந்தது, வாசித்து விளங்கப்படுத்தினார்களா? பிரதி கொடுத்திருந்தால் அதையும், நியமனக் கடிதம், சம்பளத் தாள்கள், சேமலாப நிதி பி கார்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். முறையிட ஆறு மாதம்தான் தவணை, அதில் மூன்று மாதம் ஏற்கனவே போய்விட்டது. அம்மாவோடு நின்ற மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் நல்லது, ஒரே மாதிரித் தாளில்தான் எல்லாரிடமும் வாங்கியிருப்பார்கள். சேவைக்காலக் கொடுப்பனவு, அதாவது கிராஜுவிட்டி, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அது இந்த இழப்பீட்டுக்குப் புறம்பானது, கொடுத்த காசில் அதையும் கலந்து காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சேமலாப நிதியை அம்மா 50 வயதில் எடுக்கலாம். ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி, காசுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, வேலை போனதைக் காட்டி இப்போதே விண்ணப்பிக்கலாம்.

அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தத் தாளின் வாசகத்தையும், பெயர்களை மறைத்துவிட்டு, அனுப்பினால் தெரிந்த ஒரு தொழிற்சட்டத்தரணியிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா