சக்கை ஏலம் விட்ட வக்கீல்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றியவை. அதனால் இந்த இதழ் அவருக்கே போய்விட்டது. வாடகை, ஜாமீன் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: ஒவ்வொரு பதிலிலும் "என் சீனியர் சொல்வார்" என்று எழுதுகிறீர்கள். அவர் போன மாதம் இறந்துவிட்டதாக மார்த்தாண்டம் சந்தையில் சொன்னார்கள். பெயரைக்கூட நீங்கள் எழுதியதில்லை. யார் அவர்?
– வாசகி, கருங்கல்

பதில்: உண்மைதான் அக்கா, போய்விட்டார். எண்பத்தாறு வயது. பெயரை அச்சில் போடக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட நிபந்தனை. இறந்துவிட்டாரே, இனி மீறலாம் என்று பார்த்தால் கை வரவில்லை. எனக்கு அவர் சார். கட்சிக்காரர்களுக்கு 'சாரே'. கிறிஸ்தவ சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு 'ஏலம் வக்கீல்'.

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு பெஞ்சு, இரண்டு நாற்காலி, கரையான் அரித்துப் பாதி போன ஓர் அலமாரி. வருகிறவர் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து பிரமாணத்தை (பத்திரத்தை) எடுப்பதற்குள் சார் கேட்டுவிடுவார்: "எதிர்க்கட்சி வீட்டுல கடைசியா நடந்த கல்யாணத்துக்கு உங்கள விளிச்சாங்களா?" விளித்தார்கள், போனோம் என்றால் பேப்பரைத் தொடவே மாட்டார், எதிர்க்கட்சிக்கு ஆள் அனுப்புவார். விளிக்கவில்லை என்றால், "சரி, எழுதுவோம்" என்று பேனா மூடியைத் திறப்பார். புதிதாகச் சேர்ந்த எனக்கு இது கல்யாணத் தரகர் வேலை மாதிரி இருந்தது. சட்டக் கல்லூரியில் இப்படி ஒரு பாடம் யாரும் நடத்தவில்லை.

விளிக்காத கேஸ் ஒன்றைச் சொல்கிறேன். மேல்புறம் பக்கம் அண்ணன் தம்பி. இரண்டு விளைக்கும் (தோப்புக்கும்) நடுவில் இருந்த கையாலை (எல்லைச் சுவர்) ஒரு மழையில் இடிந்துவிட்டது. திரும்பக் கட்டும்போது இரண்டரை சென்ட் யாருடையது என்று தகராறு. அந்த இரண்டரை சென்டின் நடுவில் ஒரு வருக்கைச் சக்கை (பலா) மரம். சார் தம்பிக்காக ஆஜரானார். கோர்ட் அனுப்பிய கமிஷன் இடத்தைப் பார்க்கப் போய், சர்வேயர் அளந்து, அந்த அறிக்கைக்கு ஆட்சேபம் போட்டு, வாய்தாவுக்கு மேல் வாய்தா. இதற்கிடையில் மரம் தன் பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது. யார் பறித்தாலும் அடுத்தவர் போலீஸுக்குப் போவார் என்பதால் பழம் மரத்திலேயே வெடித்து ஈ மொய்த்தது. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் மூன்றாவதாக ஒரு புகார் கொடுத்தார்கள்.

சார் கோர்ட்டிலேயே எழுந்து ஒரு யோசனை சொன்னார். வழக்கு முடியும்வரை சக்கை சபைக்குப் போகட்டும். இரண்டு பேரும் ஒரே சபை. எதிர்த்தரப்பு வக்கீலும் ஒத்துக்கொண்டார். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது வருஷா வருஷம் சார்தான். கதர் வேட்டியை மடித்துக் கட்டி, ஏத்தன்குலை, தேங்காய், கோழி, முட்டை எல்லாவற்றையும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அந்த வருஷம் அந்தச் சக்கையைத் தூக்கியதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. அண்ணன் நூறு என்றார். தம்பி நூற்றிப்பத்து. சந்தையில் அன்றைக்கு இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் சக்கை. 1,340 ரூபாயில் தம்பிக்கு மூச்சு முட்டி நின்றுவிட்டார். தன் சொந்தக் கட்சிக்காரரைப் பார்த்துச் சார், "ஒருதரம்... இரண்டுதரம்... என்ன, போதுமா?" என்று கேட்டார் பாருங்கள், நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

உடனே சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இன்னும் மூன்று வருஷம் ஓடியது. மூன்று பண்டிகையிலும் சக்கை நாலு இலக்கத்தில்தான் போனது. சபைக்கு அந்தப் பணத்தில் மைக் செட் வந்தது. கடைசியில் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ராஜி. அங்கே வரும் தீர்வுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பின் பலம் உண்டு, அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். வழக்கு முடிந்ததில் வருத்தப்பட்டது சபைக் கமிட்டி மட்டும்தான்.

கேள்வி: எங்கள் பாட்டா (தாத்தா) பெயரில் ஒரு பிரமாணம் இருக்கிறது. முழுக்க மலையாளம். 1112 துலாம் என்று தேதி, விலை 350 பணம். இது எந்த வருஷம்? இன்றைக்குச் செல்லுமா?
– வாசகர், நித்திரவிளை

பதில்: 1112 கொல்லம் ஆண்டு, பழைய திருவிதாங்கூரில் புழங்கிய மலையாள ஆண்டு. சிங்கம் முதல் தனு பாதி வரை 824ஐக் கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு 825. ஆக உங்களுடையது 1936 அக்டோபர்–நவம்பர். சார் இந்தக் கணக்கே போட மாட்டார். 1112 துலாம் 27 என்றால் கோயில் நுழைவுப் பிரகடனம், 1936 நவம்பர் 12. அங்கிருந்து முன்னும் பின்னும் விரல் விட்டு எண்ணிக்கொள்வார். விலைக்கும் வாய்ப்பாடு உண்டு: 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். உங்கள் பாட்டா கொடுத்தது 50 ரூபாய்.

பழையது என்பதால் செல்லாமல் போகாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விலையா, ஒற்றியா (அடமானமா) என்பதை. ஒற்றி என்றால் கதையே வேறு, உடனே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். விலைதான் என்றால் பத்திர எண், ஆண்டு சொல்லிச் சார்பதிவாளர் ஆபீசில் நகல் எடுங்கள். கூடவே தமிழ் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இந்த மொழிபெயர்ப்பு வேலைக்குச் சார் காசு வாங்கியதில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போன கூட்டத்தில் இருந்தவர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் இந்தப் பக்கம் வந்தன. பிரமாணங்கள் மட்டும் மலையாளத்திலேயே நின்றுவிட்டன. ஊர்வலம் போன அதே பையன்தான் பிறகு ஐம்பது வருஷம் ஊருக்கே மலையாளம் படித்துச் சொன்னான்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா 1979இல் உயில் இல்லாமல் இறந்தார், அம்மா அதற்கு முன்பே. "உனக்குத்தான் ஸ்திரீதனம் தந்தாச்சே" என்கிறார்கள் அண்ணன்மார். எனக்குப் பங்கு உண்டா?
– வாசகி, அருமனை

பதில்: உண்டு. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் 1916இல் வந்தது. அதன்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. 1986 பிப்ரவரி 24 அன்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. மகனும் மகளும் சமம். நீங்கள் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? அதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். எத்தனையோ அக்காமார் "சும்மா ஒரு ஒப்பு (கையெழுத்து)" என்று போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். வழக்குப் போடத் தாமதமாகிவிட்டதா என்ற கேள்வியும் எழும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தத் தீர்ப்பு சார் வீட்டுக்குள்ளும் வந்தது. மூன்று ஆண், இரண்டு பெண். அப்பா சொத்தை ஆண்கள் மூவரும் ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தார்கள். தீர்ப்பைப் படித்ததும் ஐந்தாகப் பிரிக்கலாம் என்றார் சார். தம்பிமார் இருவரும் மறுத்தார்கள். சார் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்: கையில் இருப்பது மூன்றில் ஒன்று, சட்டப்படி தன்னுடையது ஐந்தில் ஒன்று, அதிகமாக இருப்பது பதினைந்தில் இரண்டு. அதை ஆளுக்குப் பதினைந்தில் ஒன்றாகத் தங்கைகள் இருவருக்கும் இஷ்டதானம் (தானப் பத்திரம்) எழுதிப் பதிவும் செய்துவிட்டார். அதோடு தம்பிமார் பேச்சை நிறுத்தினார்கள்.

மறு வருஷம் இளைய தம்பி மகளுக்குக் கல்யாணம். சாரை விளிக்கவில்லை. கோயில் எல்லாருக்கும் பொதுதானே என்று போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, பாமாலையைச் சத்தமாகப் பாடிவிட்டு, விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். ரீத்தா டீச்சர்... பாருங்கள், சார் பெயரைக் காப்பாற்றிவிட்டு அவர் மனைவி பெயரை எழுதிவிட்டேன், இருக்கட்டும், அது நாங்கள் வைத்த பெயர்தான். டீச்சருக்கு இது முன்பே தெரியும். மரச்சீனி அவித்து, சாளைக் குழம்பு வைத்து, கையில் தட்டோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

சார் செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். தங்கைகளுக்குச் சட்டப்படி வர வேண்டியது ஆளுக்கு ஐந்தில் ஒன்று. கிடைத்தது பதினைந்தில் ஒன்று. ஊரார் பங்குக்கெல்லாம் பிராது எழுதியவர் சொந்தத் தம்பிமாருக்கு எதிராகப் பேனா மூடியைத் திறக்கவில்லை. டீச்சர் கடைசிவரை இதைச் சொல்லிக் காட்டுவார். சார் காது கேட்காத மாதிரி இருப்பார்.

கேள்வி: களியக்காவிளைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் 20 சென்ட், கேரளப் பக்கம் பாறசாலையில் 12 சென்ட். பாகம் கேட்டு எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவது? இரண்டு வழக்கா?
– வாசகர், பாறசாலை

பதில்: ஒரே வழக்குப் போதும். சிவில் நடைமுறைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, சொத்தின் ஒரு பகுதி எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருக்கிறதோ அங்கே முழுச் சொத்துக்கும் வழக்குப் போடலாம். தீர்ப்புக்குப் பிறகுதான் இரட்டை அலைச்சல்: இங்கே பட்டா மாற்றம், அங்கே வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி வாத்தியார், திங்கட்கிழமை வக்கீல். பொய் சொல்லாமல் எப்படிச் சமாளித்தார்?
– வாசகர், புதுக்கடை

பதில்: கட்சிக்காரர் புளுகுகிறார் என்று தோன்றினால், "கேக்கல்ல, இன்னொருக்க சொல்லுங்க" என்பார். மூன்றாம் தடவை சொல்லும்போது கதை தானாக மெலிந்துவிடும். அதற்காக அவரைப் புனிதர் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் வந்தால் கேஸ் கட்டு பறக்கும். ஒரு பிராதில் சர்வே எண்ணின் உட்பிரிவை 3 என்பதற்கு 8 என்று எழுதிவிட்டேன், மலையாளக் கையெழுத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. கட்டு என் தலைக்கு மேலே பறந்து முற்றத்தில் விழுந்தது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியோடு அவரே வந்து, "எட்டுன்னே விட்டிருந்தா பக்கத்து வீட்டுக்காரன் கிணறும் சேர்ந்து நம்ம கட்சிக்கு வந்திருக்கும் மக்களே" என்றார்.

கேள்வி: அம்மாவின் அசல் பிரமாணம் அவர் ஆபீசில்தான் இருக்கிறது. இனி யாரிடம் கேட்பது?
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: என்னிடம். அலமாரியைக் காலி செய்து பார்த்ததில் நூற்றுக்கு மேல் அசல் பிரமாணங்கள் இருக்கின்றன. கரையான் தொட்டது ஏழு மட்டும். அந்த ஏழு பேருக்கும் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்; சார்பதிவாளர் ஆபீசில் நகல் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். ஆதார், வாரிசுச் சான்று, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வரும்போது மலையாளம் வாசிக்கத் தெரிந்த யாராவது வீட்டில் இருந்தால் கூட்டி வாருங்கள். எனக்கு இன்னமும் மூன்றும் எட்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.