காயடித்த கிடாவுக்குச் சிறுநீர் அடைப்பு ஏன்?

கேள்வி: பென்னாகரம் பகுதியில், பக்ரீத் விற்பனைக்காகக் காயடித்த கிடாக்களைக் கொட்டகையிலேயே கட்டி, மக்காச்சோளமும் கோதுமைத் தவிடும் கொடுத்து வளர்க்கிறேன். ஒரு கிடா நேற்று முதல் முக்கிக்கொண்டே நிற்கிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டியும் பயனில்லை. உறுப்பின் மயிரில் வெள்ளை மணல் போல ஒட்டியிருக்கிறது. போர்வெல்லின் உப்புத் தண்ணீர்தான் காரணமா?

பதில்: இது மலச்சிக்கல் அன்று, சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்திருக்கிறது. எண்ணெயோ தண்ணீரோ இனிப் புகட்ட வேண்டாம், ஏனெனில் வெளியேற வழியின்றி நீர் சேரச் சேரச் சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அல்லது 1962 என்ற எண்ணை அழையுங்கள். கிடாவின் உறுப்பு நுனியில் புழுப் போல நீண்டிருக்கும் மெல்லிய குழாயில்தான் கல் பெரும்பாலும் சிக்கும். அதை மட்டும் மருத்துவர் வெட்டி எடுத்தாலே சில கிடாக்களுக்கு வழி திறந்துவிடும். கல் அதற்கு மேலே சிறுநீர்க் குழாயின் வளைவில் சிக்கியிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

தண்ணீரைவிடத் தீவனத்தின் மீதே எனக்குச் சந்தேகம். அந்த வெள்ளை மணல் பெரும்பாலும் ஸ்ட்ருவைட், அதாவது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து காரத்தன்மையுள்ள சிறுநீரில் படியும் உப்பு. கழிவுநீர்க் குழாய்களை அடைக்கும் வெள்ளைப் படிவிலும் இதுவே காணப்படுகிறது. தழையும் தட்டும் மென்று அசைபோடும் ஆட்டுக்கு உமிழ்நீர் நிறையச் சுரப்பதால், மிகுதியான பாஸ்பரஸ் அதன் வழியே குடலுக்குப் போய்ச் சாணத்தோடு வெளியேறும். தானியமும் தவிடுமே உணவானால் பாஸ்பரஸ் கூடுகிறது, உமிழ்நீர் குறைகிறது, மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியமோ சொற்பம்.

ஆகவே மற்றக் கிடாக்களுக்குத் தவிட்டை நிறுத்தி, மக்காச்சோளத்தைக் குறைத்து, கேழ்வரகுத் தட்டு, கடலைக்கொடி, அகத்தித் தழை ஆகியவற்றை முதன்மை உணவாக்குங்கள். மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்புக்கல் தூள் ஏற்றது, டைகால்சியம் பாஸ்பேட் ஏற்றதன்று, ஏனெனில் அது பாஸ்பரஸையும் சேர்த்தே கூட்டும். தாது உப்பில் அது கலந்திருக்கிறதா என்று பையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். நிறையத் தண்ணீர் குடிப்பதற்காகத் தீவனத்தில் சாப்பாட்டு உப்புச் சேர்த்து, தொட்டியில் எப்போதும் சுத்தமான தண்ணீர் நிரப்பி வையுங்கள். சிறுநீரை அமிலமாக்க, 100 கிலோ கலப்புத் தீவனத்திற்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை அம்மோனியம் குளோரைடு சேர்ப்பதுண்டு. அளவை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு கலக்குங்கள். ஈயம் பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் நவச்சாரமும் அம்மோனியம் குளோரைடுதான் என்றாலும், அது தீவனத்துக்கானதன்று, வாங்கிப் போடாதீர்கள்.

அடுத்த குட்டிகளை மிக இளம் வயதில் காயடிக்காமல், ஐந்தாறு மாதம் வரை பொறுத்திருந்தால் சிறுநீர்க் குழாய் சற்று அகலமாக வளர இடம் கிடைக்கும்.