வெளியிலிருந்து ஆதரவு

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பாரு கோபிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். கூட்டணி ஆட்சி என்றாலே அவருக்கு ஆகாது. “ஆள் கூடினால் பாம்பு சாகாது, ஒரே கட்சி ஆண்டால்தான் நிலைக்கும்” என்கிறார். வாஜ்பாய் ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை எடுத்துக்காட்டுகிறார். கூட்டணி என்றாலே கவிழத்தான் செய்யுமா?

ஒரு கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

அப்பாருவின் கோபம் எனக்குப் புரிகிறது. 1999 ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று அந்த அரசு தோற்றபோது நான் சிங்காநல்லூரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். எதிர்ச் சுவரில் முந்தைய வருஷத் தேர்தலுக்கு எழுதிய தாமரையும் இரட்டை இலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சில மாதங்களில் இலையின் மேல் சுண்ணாம்பு அடித்து உதயசூரியன் வரைந்தார்கள். சுண்ணாம்புக்கு அடியில் இலை பச்சையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. கோவையில் 1998-லும் 1999-லும் ஜெயித்தது அதே பாஜக வேட்பாளர்தான். கூட ஓட்டுக் கேட்டவர்கள்தான் மாறிப்போனார்கள். அதைப் பார்த்தவர்களுக்குக் கூட்டணி மேல் நம்பிக்கை விட்டுப்போனால் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் எந்தெந்த அரசு எப்படிக் கவிழ்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1979-ல் சரண்சிங், காங்கிரஸ் கைவிட்டதால் மக்களவையைச் சந்திக்காமலே விலகினார். 1990-ல் வி.பி. சிங்குக்கு பாஜக ஆதரவை விலக்கிக்கொண்டது. அடுத்து வந்த சந்திரசேகரிடம் இருந்தவர்கள் அறுபது எம்.பி.க்களுக்குக் கொஞ்சம் மேல். மிச்சமெல்லாம் காங்கிரசின் தயவு. ராஜீவ் வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்ற சண்டையிலேயே 1991 மார்ச்சில் அந்த ஆட்சி முடிந்தது. 1997-ல் தேவ கௌடா, அதே வருஷம் குஜ்ரால், இரண்டு பேரையும் இறக்கியது அதே காங்கிரஸ். ஐந்து பேரும் நம்பியிருந்தது ‘வெளியிலிருந்து ஆதரவு’, அதாவது அமைச்சரவையில் சேராமல் சபையில் ஓட்டு மட்டும் போட்டுத் தாங்குகிற கட்சியை.

பல்லடம் பக்கம் எங்கள் சொந்தத்தில் பங்காளிகள் மூன்று பேருக்கு ஒரே கிணறு. ஒருவருக்கு அரைப் பங்கு, மற்ற இருவருக்கும் கால் கால். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மோட்டார் காயில் எரிந்தால் செலவும் அதே கணக்குத்தான். சண்டை வராத வருஷம் கிடையாது, ஆனாலும் கிணறு நின்றதில்லை. ஒரே ஒரு தடவைதான் நின்றது. பைப் லைன் பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தின் வழியாகப் போகிறது. அவருக்குக் கிணற்றில் பங்கும் இல்லை, செலவும் இல்லை. ஏதோ கோபத்தில் ஒரு நாள் லைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். வெளியிலிருந்து ஆதரவு தருகிற கட்சி அவரைப் போலத்தான். ஆட்சிக்கு வருகிற கெட்ட பெயரில் பங்கில்லை, நிறுத்துகிற அதிகாரம் மட்டும் முழுசாக உண்டு.

1999-ல் விலகி வாஜ்பாயைக் கவிழ்த்த அதிமுக அமைச்சரவைக்குள்ளேயே இருந்த கட்சி. என் வாதத்துக்கு அது இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு 1999 முதல் 2014 வரை டெல்லியில் நடந்தது கூட்டணி ஆட்சிதான், ஒன்றும் நடுவில் கவிழவில்லை. 2008-ல் அமெரிக்காவோடு போட்ட அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் வெளி ஆதரவை விலக்கியபோதும் மன்மோகன் சிங் அரசு 275-க்கு 256 என்று தப்பித்தது. சட்டமும் இறுகியிருந்தது. ஒரு கட்சியின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால், கட்சி மாறுகிறவரின் பதவியைப் பறிக்கிற கட்சித்தாவல் சட்டம் பாயாது என்ற வழி 2003-ல் அடைபட்டது. சந்திரசேகர் ஜனதா தளத்தை உடைத்து வந்ததே அந்த வழியில்தான்.

அப்புறம், ஒரே கட்சி ஆண்டால் நிலைக்கும் என்கிறாரே. 1977-ல் மொரார்ஜியின் ஜனதா ஒரே கட்சிதான், 295 இடம். இரண்டரை வருஷம்கூடத் தாங்கவில்லை. அப்பாருவுக்கு அதெல்லாம் நேரில் பார்த்த காலம். 1977-ல் யாருக்கு ஓட்டுப் போட்டார், 1979-ல் என்ன நினைத்தார் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.