கேள்வி பதில்: ‘ஸ்வாவ்’ ஆசாமி யார்?

மதுரையில் முப்பது வருடம் ஆங்கிலம் எடுத்தவன் நான். சொல், இலக்கணம் கேளுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஃபீஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

ஆத்திகுளம்: சார், ஆங்கிலத்தில் ‘சுவேவ்’ (suave) என்றால் ஸ்டைலான ஆள்தானே?

முதலில் உச்சரிப்பு. எழுத்துக்கூட்டிச் ‘சுவேவ்’ என்று படிக்காதீர்கள். ‘ஸ்வாவ்’, ஒரே அசை. ஸ்டைல் சட்டையோடு கழன்றுவிடும். இது பேச்சிலும் பழக்கத்திலும் இருக்கிற நயம். மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைப் பெரியவர். பதினைந்து சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதுவும் பிடிக்காமல் எழுந்தால், வேறு கடையில் முகம் சுண்டிவிடும். இவர் ஒன்றை மட்டும் மடிப்புக் கலையாமல் ஓரமாக வைத்து, “இருக்கட்டும்மா, மெதுவா வாங்க. இத யாருக்கும் காட்ட மாட்டேன்” என்பார். எல்லாரிடமும் இதையேதான் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று முறை திரும்பிப் போய் வாங்கினோம். அவர் ஸ்வாவ்.

திருமங்கலம்: மகனுக்கு வரன் விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் போடலாமா ஐயா?

வேண்டாம். ‘ஆள் மழுப்புகிறவரோ’ என்ற சந்தேகமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும்.

மேலூர்: நம் ‘சுவை’தான் அங்கே போய் ‘ஸ்வாவ்’ ஆனது என்கிறேன். சரியா?

இலத்தீனில் ‘சுவாவிஸ்’ என்றால் இனிமையானது. அதனால் இந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்தச் சொல்லின் நடுவே முன்பு ஒரு ‘த்’ இருந்து, இலத்தீனில் உதிர்ந்துபோனது. கூடப் பிறந்த சொற்களில் அது இன்னும் இருக்கிறது: சமஸ்கிருதத்தில் ‘ஸ்வாது’, ஆங்கில ‘ஸ்வீட்’டின் கடைசி ‘ட்’. காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

மேலூர், மறுபடி: ‘ஸ்வீட்’டே சுவையிலிருந்து போயிருக்கலாமே? தமிழ் என்றால் உங்களுக்கு இளப்பமா?

அண்ணே, அப்படியானால் அந்த ‘ட்’ எங்கிருந்து வந்து ஒட்டியது? கிரேக்கத்திலும் ‘ஹேதுஸ்’ என்று அதே இடத்தில் ‘த்’ நிற்கிறது. மூன்று மொழிக்காரர்களும் உட்கார்ந்து பேசி ஒட்டவைத்தார்களா?

சிம்மக்கல்: மேலூர்க்காரர் சொல்வதே சரி!

‘த்’துக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒத்தக்கடை: ‘அர்பேன்’ (urbane) என்பதும் இதுதானா?

நல்ல கேள்வி, கடைசியில் ஒன்று வந்தது. இலத்தீனில் ‘உர்ப்ஸ்’ என்றால் நகரம். நகரத்துப் பக்குவம் உள்ளவர் ‘அர்பேன்’. நகரிலிருந்து நாகரிகம் வந்த அதே வழி. ஆனால் 580ஆம் குறளின் ‘நயத்தக்க நாகரிகம்’ இரண்டையும் தாண்டியது. பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் குடித்துவிட்டு அமைதியாக இருப்பவரை அது சொல்கிறது. ஸ்வாவ் ஆசாமி பெரும்பாலும் ஊற்றுகிற பக்கம் இருப்பார்.

உசிலம்பட்டி: அப்போ சுவேவ்னா வில்லனா சார்?

ஸ்வாவ்! ஸ்வாவ்! வில்லன் என்றும் சொல்ல முடியாது. அந்த மூன்று சேலையும் இதுவரை சாயம் போகவில்லை.