மூணு கருவி, ஒரே ஹெல்மெட் ஹெட்போன்: சத்தத்த எப்படி ஒண்ணா சேக்குறது?

மண்டபத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. நண்டும் மீனும் எடுத்து குடுக்குற வேலை, விடியக்காலைல ஐஸ் பொட்டிய பைக்ல கட்டுனா பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், சில நாள் தொண்டி வரைக்கும் ஓட்டம். கையில கம்பெனி குடுத்த பட்டன் போன் ஒண்ணு, போட்டுக்காரங்க கூப்புடுறது அதுலதான். சொந்த ஸ்மார்ட்போன் ஒண்ணு, மேப்புக்கும் பாட்டுக்கும். அப்புறம் பாம்பன் பக்கம் போறப்ப கடல் ஓசை 90.4 கேக்க ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ. மூணயும் ஹெல்மெட்டுக்குள்ள இருக்குற ஒரே வயர் ஹெட்போன்ல கேக்கணும்னு ஒரு ஒய் ஸ்பிளிட்டர், அதுக்கு மேல இன்னொரு ஸ்பிளிட்டர்னு மாட்டிருக்காரு. சத்தம் பாதியாயிருச்சாம், ரேடியோவ ஆஃப் பண்ணுனா பாட்டும் அமுங்கிப் போகுதாம், சார்ஜர் சொருகுனா ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க கூய்ங்னு ஒரு சத்தம் ஏறுதாம். "அண்ணே, ஹெட்போன் போயிருச்சா, போன் போயிருச்சா?"

ரெண்டும் போகல தம்பி. ஆனா அந்த ஸ்பிளிட்டர இன்னைக்கே கழட்டிருங்க.

ஸ்பிளிட்டர்ங்கிறது ஒரு போன்லருந்து ரெண்டு பேரு பாட்டு கேக்க செஞ்சது. அத தலைகீழா, ரெண்டு போன ஒரு ஹெட்போனுக்கு மாட்டக்கூடாது. ஒரே பைப்புல வால்வு இல்லாம ரெண்டு மோட்டார மாட்டுனா என்னாகும், ஒண்ணு தள்ளுற தண்ணி தொட்டிக்கு ஏறாம இன்னொரு மோட்டார் வழியா கெணத்துக்கே இறங்கிரும்ல, அதேதான் இங்கயும். போனோட அவுட்புட் தடை ரொம்ப கம்மி, பெரும்பாலும் சில ஓம்தான், உங்க ஹெட்போன் 16 இல்லன்னா 32 ஓம். அதனால பாட்டு சிக்னல் ஹெட்போனுக்கு போறதவிட பக்கத்து கருவிக்குள்ளதான் அதிகமா பாயும். ரேடியோ ஆஃப்ல இருந்தாலும் அதுக்குள்ள பாதை இருக்கு, அதான் பாட்டு அமுங்குது. ரொம்ப நாள் இப்படியே ஓட்டுனா அவுட்புட் ஐசி (சத்தத்த வெளிய அனுப்புற சிப்பு) சூடாகி போகவும் வாய்ப்பிருக்கு.

இதுக்கு வழி, மூணு சத்தத்தயும் சேக்குற ஒரு சின்ன பாக்ஸ். அத கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், கருவிய குறைக்க முடியுமான்னு பாருங்க. பட்டன் போன் செட்டிங்ஸ்ல கால் ஃபார்வர்டிங் இருக்கும், ஓட்டத்துல இருக்குறப்ப மட்டும் அத உங்க ஸ்மார்ட்போன் நம்பருக்கு திருப்பி விட்ருங்க. நான் இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, ஒரே போனுக்குள்ள எல்லாம் இருந்தா மேப் பேசுறப்ப பாட்டு தானா தணியும், கால் வந்தா பாட்டு நிக்கும். வயர்ல சேத்தா அந்த அறிவு கிடையாது, போட்டுக்காரரு வெல சொல்லிக்கிட்டு இருப்பாரு, பின்னாடி பாட்டும் ஓடும், ரேடியோவும் பேசும். ஃபார்வர்ட் ஆகுற கால் கம்பெனி சிம் கணக்குலதான் ஏறும், அதனால முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.

புளூடூத் ஹெல்மெட் செட் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. மல்டிபாயின்ட் உள்ளது ரெண்டு போன ஒரே நேரத்துல பிடிச்சு வச்சுக்கும், ஆனா பெரும்பாலான செட்டுல ஒரு நேரத்துல ஒண்ணோட சத்தம்தான் வரும், கால் வந்தா பாட்டு ஒதுங்கிக்கும். அதுவே உங்க வேலைக்கு சரிதான். சில செட்டுக்குள்ளயே எஃப்எம்மும் இருக்கு. காசு இருந்தா அதுக்கு போங்க, இருக்குற வயர் ஹெட்போன்தான்னா கீழ சொல்ற பாக்ஸ்.

ஒவ்வொரு கருவிக்கும் இடது ஒரு வயர், வலது ஒரு வயர். ஒவ்வொரு வயர்லயும் 1கே, அதாவது 1000 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, கால் வாட் போதும். மூணு கருவின்னா ஆறு ரெசிஸ்டர். ஆறோட மறுமுனையவும் ஒரே இடத்துல சேத்து பத்த வைங்க, அதான் மோனோ, ரெண்டு காதுலயும் ஒரே சத்தம். ஹெல்மெட்டுக்குள்ள ஸ்டீரியோ வேணாம், பட்டன் போன் பேச்சே மோனோதான். எர்த் எல்லாம் ஒண்ணா. இப்ப ஒரு கருவியோட சிக்னல் இன்னொண்ணுக்குள்ள போகணும்னா ரெண்டு ரெசிஸ்டர தாண்டணும், அதனால ஒண்ண ஒண்ணு அமுக்காது. ஆனா சிக்னல் மூணுல ஒரு பங்கா குறைஞ்சிரும், அதோட நேரா ஹெட்போன ஓட்டவும் முடியாது, அதனால பின்னாடி சத்தத்த கூட்டிக் குடுக்குற ஒரு ஹெட்போன் ஆம்ப் கட்டாயம். உள்ளயே ரீசார்ஜ் பேட்டரி இருக்குற சின்ன ஆம்பா வாங்குங்க. 12 வோல்ட்ல ஓடுறது மலிவா கிடைக்கும்தான், வேணாம். பைக் கரண்டே இந்த செட்டுக்குள்ள வரக்கூடாது, அதுக்கு காரணம் இருக்கு.

அந்த கூய்ங் சத்தம் எங்கருந்து வருது? பைக் ஓடுறப்ப பேட்டரி வயர்ல சுத்தமான கரண்ட் இல்ல, ஆல்டர்னேட்டரோட அலை அதுல ஏறி வருது, இன்ஜின் வேகம் கூடுனா சுருதியும் கூடும். சார்ஜர் வழியா போனோட எர்த் பைக் பாடிய தொடுது, ஆம்ப் எர்த்தும் அதே பாடிய தொட்டா ரெண்டுக்கும் நடுவுல ஒரு வளையம் உருவாகி அந்த அலை நேரா ஆடியோவுக்குள்ள வந்துரும். இதுக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு டப்பா விக்கிறாங்க, உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான், நல்லா வேலை செய்யும், ஆனா சாதாரண ஐசொலேட்டர் வழியா மைக் சிக்னல் போகாது, நீங்க பேசுறது எதிராளுக்கு கேக்காது. அதான் நான் சொல்றது, போனுக்கு பவர் பேங்க் போடுங்க, வளையமே கிடையாது.

மைக் வயர பாக்ஸுக்குள்ள கலக்காதீங்க, தனியா எடுத்து நீங்க பேசுற ஒரு போனுக்கு மட்டும் விடுங்க. அந்த போனோட பின்ல மூணு கருப்பு கோடு இருக்கணும், முனை இடது, அடுத்தது வலது, அடுத்தது எர்த், அடிப்பகுதி மைக். பழைய மாடல் சிலதுல எர்த்தும் மைக்கும் இடம் மாறி இருக்கும், மீட்டர் வச்சு பாத்துட்டு பத்த வைங்க. மத்த கருவிக்கு ரெண்டு கோடு பின்னே போதும்.

ரேடியோ விஷயத்துல நெறய பேரு ஏமாந்து போறது எங்கன்னா, சின்ன ரேடியோவுக்கு இயர்போன் வயர்தான் ஏரியல். 90.4 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர், அதுல கால்வாசி 83 சென்டிமீட்டர். ரேடியோலருந்து பாக்ஸுக்கு ஒரு சாண் வயர் விட்டா ஸ்டேஷன் எடுக்காது, 80 சென்டிமீட்டர் விடுங்க, சுருட்டி கட்டாதீங்க, பாக்ஸ் பக்கத்து முனையில வயர்ல கோக்குற கருப்பு காந்தப்பொருள் வளையம், ஃபெரைட் பீடு, ஒண்ணு போடுங்க. ரேடியோ டிக்டிக்னு வெட்டுனா ஸ்பார்க் பிளக்க பாருங்க, நம்பருக்குள்ள ஆர் எழுத்து இருக்குறதுதான் ரெசிஸ்டர் பிளக், அந்த இரைச்சல அடக்குறது அதுதான்.

இனி உப்பு. நம்ம கரையில எலக்ட்ரானிக்ஸ கொல்றது மழையில்ல, உப்புக்காத்துதான். போன வாடைக்காலத்துல தனுஷ்கோடி ரோட்டுல தினம் ஓடுன ஒருத்தரு இதே மாதிரி ஒரு பாக்ஸ் கொண்டாந்தாரு, மூடிய தொறந்தா போர்டு பூரா பச்சைப் பொடி, ஜாக்குக்குள்ள இருக்குற ஸ்பிரிங் தகட்ட குச்சியால தொட்டேன், அப்பளமாட்டம் ஒடிஞ்சு விழுந்துச்சு. ரெசிஸ்டர் ஆறும் நல்லாத்தான் இருந்துச்சு. அதனால பத்த வச்ச இடத்துல எல்லாம் நிறமில்லாத நெயில் பாலிஷ் ரெண்டு கோட்டிங் அடிங்க, ஜாக்குக்குள்ளயும் வால்யூம் கன்ட்ரோல்லயும் மட்டும் பட்ரக்கூடாது. ஜாக்க குறைச்சு வயர நேரா போர்டுல பத்த வைக்கிறது இன்னும் நல்லது. தண்ணி புகாதுன்னு போட்டிருக்குற செட்டயும் நம்பி விட்றாதீங்க, அந்த சோதனையெல்லாம் நல்ல தண்ணியில, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால துடைச்சு உலத்துங்க.

சத்தத்த பத்தி கொஞ்சம் கேளுங்க தம்பி. ரோட்டுல வேகமா போறப்ப ஹெல்மெட்டுக்குள்ள காத்து சத்தமே 90 டெசிபல தாண்டும், அத மீறி பாட்டு கேக்கணும்னு வால்யூம ஏத்துனா காது போயிரும். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கணக்கு, 3 டெசிபல் ஏறுனா அது 4 மணி, இன்னும் 3 ஏறுனா 2 மணி. நீங்க தினம் மணிக்கணக்குல ஓட்டுறவரு. வைசர மூடி, கழுத்துல துண்ட சுத்தி காத்து புகுற வழிய அடைங்க, ஸ்பீக்கர் காது துவாரத்துக்கு நேரா இருக்கானு பாருங்க, வால்யூம் தானா குறையும். காதுக்குள்ள சொருகுற இயர்பட்ஸ் வேணவே வேணாம், பின்னாடி வர்ற பஸ் ஹாரன் கேக்காது.

பாம்பன் ரோட்டு பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல, கச்சான் காத்து அடிக்கிறப்ப பைக்கே ஒரு பக்கமா இழுக்கும், ரயில் பாலத்த பாக்குறதுக்குன்னு கார நிறுத்திட்டு ஆளுங்க ரோட்டுல இறங்கி நிப்பாங்க. ஆம்புல ஒரு மியூட் சுவிட்சு போட்டு, பாலம் ஏறுமுன்ன அத தட்டிருங்க. கால் வந்தா அந்த பக்கம் இறங்கி ஓரங்கட்டி பேசிக்கலாம், நண்டு வெல அந்த அஞ்சு நிமிஷத்துல மாறிறாது. போன கையில எடுத்து பேசுனா மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல கேஸ் வேற.

எல்லாம் கட்டி முடிச்சதும் வீட்டு வாசல்ல இன்ஜின ஓட விட்டு, ஹெட்போன காதுல வைக்காம கையில பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு கருவியா சொருகி பாருங்க. எத சொருகுறப்ப இரைச்சல் ஆரம்பிக்குதோ அதோட வயர்லதான் கோளாறு. அது எதுன்னும், பைக் என்ன மாடல்னும் எழுதி அனுப்புங்க, அடுத்து என்ன செய்யணும்னு சொல்றேன்.